மைதானத்தில் ஓடினால் மலை ஏறக் காணுமா?

கேள்வி: நானும் நான்கு நண்பர்களும் மாசி மாதத்தில் நக்கிள்ஸ் மலைத்தொடரில் முதுகுப்பையோடு மூன்று நாள் நடக்கத் திட்டமிட்டிருக்கிறோம். இரண்டு இரவு கூடாரத்தில்தான். தினமும் மைதானத்தில் 5 கிலோமீற்றர் ஓடுகிறோம். இந்தப் பயிற்சி காணுமா? என்னென்ன கொண்டுபோக வேண்டும்? அம்மா பயப்படுகிறா.
- வாசகர், கோண்டாவில்

பதில்: தம்பி, காணாது. ஓட்டம் மூச்சுக்கு நல்லது. ஆனால் மலையில் உங்களைக் கவிழ்க்கப்போவது மூச்சு இல்லை, முழங்கால். அதுவும் ஏறும்போது இல்லை, இறங்கும்போது. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த கால்களுக்கு இறக்கம் என்றால் என்னவென்றே தெரியாது. முதுகில் 12 கிலோவை வைத்துக்கொண்டு ஈரக் கல்லில் நான்கு மணித்தியாலம் இறங்கினால் தொடை நடுங்கத் தொடங்கும். பெரும்பாலும் அப்போதுதான் கால் பிரளும்.

ஆகவே இன்றைக்கே பையை நிரப்புங்கள். முதல் வாரம் 5 கிலோ அரிசி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஏதாவது மாடிக் கட்டடத்தில் அந்தப் பையோடு ஏறி இறங்குங்கள், இறங்குவதை மெதுவாகச் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மணற்காட்டு மணல்மேடுகளுக்குப் போங்கள். புதையும் மணலில் சுமையோடு ஒரு மணித்தியாலம் நடந்து பாருங்கள், கெண்டைக்கால் உங்களோடு பேசும். சனம் பார்த்துச் சிரிக்கும், பரவாயில்லை. போகும்போது போடப்போகிற சப்பாத்தையே போட்டு நடக்க வேண்டும். புதுச் சப்பாத்தோடு மலைக்குப் போனவன் கொப்புளத்தோடுதான் வருவான். கால் நகத்தையும் ஒட்ட வெட்டிவிடுங்கள், இறக்கத்தில் பெருவிரல் போய் முன்னால் இடிக்கும்.

அடுத்தது பை. உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தூக்காதீர்கள். 60 கிலோ ஆளுக்கு 12 கிலோ. அதில் மூன்று லீற்றர் தண்ணீரே 3 கிலோ தின்றுவிடும். பாரம் தோளில் தொங்கக்கூடாது, இடுப்புப் பட்டியில் உட்கார வேண்டும். கனமான சாமான் முதுகோடு ஒட்டி நடுவில் வரட்டும். என்னுடைய முதல் பயணத்தில் நாங்கள் மீன் ரின் பத்தும், சம்பலுக்கென்று தேங்காயும், திருவலையும் சுமந்தோம். இரண்டாம் நாள் அந்தத் திருவலையைத் தூக்குவது யார் என்பதில் பெரிய சண்டை.

சாப்பாட்டுக்கு எங்களிடம் இருப்பதே போதும். புழுக்கொடியல், எள்ளுருண்டை, பருத்தித்துறை வடை, பனங்கட்டி: எதுவும் இரண்டு மூன்று நாளில் பழுதாகாது, சமைக்கவும் தேவையில்லை. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு வாரக்கணக்கில் நடந்துபோகிறவர்களின் பையைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த அளவுக்கு உங்களால் பாரத்தைக் குறைக்க முடியாது, ஆனாலும் ஒருமுறை பார்த்துவிட்டு உங்கள் பையைக் கட்டுங்கள்.

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் காயாது, கனக்கும், தொடையை உரசும். மாசியில் மழை ஓரளவு அடங்கியிருக்கும், ஆனால் அந்த மலை யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. பைக்குள் பெரிய பொலித்தீன் பை ஒன்றை விரித்து, அதற்குள் உடுப்பையும் படுக்கையையும் வையுங்கள். 1,000 மீற்றர் ஏறினால் ஏறத்தாழ 6 பாகை வெப்பம் குறையும், காற்று வேறு. இரவுக்கு மட்டும் ஒரு காய்ந்த உடுப்பு, அதைப் பகலில் தொடவே கூடாது.

அட்டை கடிக்கும், நிச்சயமாக. நீளமான காலுறையில் உலர்ந்த சவர்க்காரக் கட்டியைத் தேய்த்துக்கொள்ளுங்கள். ஏறிவிட்டால் பிய்த்து இழுக்காமல், வாய்ப்பக்கத்தில் நகத்தை வைத்துத் தள்ளிவிடுங்கள். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது. அட்டையின் உமிழ்நீர் உறையவிடாது, அவ்வளவுதான். ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிப்பதுதான் எனக்கு அட்டையைவிடப் பெரிய பயம்.

நக்கிள்ஸ் 2010ஆம் ஆண்டு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. வனத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் உள்ளே கூடாரம் அடிக்க நினைக்காதீர்கள். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஐவரில் ஒருவருக்காவது சிங்களம் பேச வரட்டும். பின்னேரம் மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் பாதை தெரியாது. இரண்டு மணிக்குப் பிறகு புதிய ஏற்றம் எதையும் தொடங்காதீர்கள். ஆளுக்கொரு ரோச் லைற் இருக்கட்டும், கைத்தொலைபேசி வெளிச்சத்தை நம்ப வேண்டாம்.

சரி, அம்மா. பல இடங்களில் சிக்னல் கிடைக்காது என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள், போனபிறகு தெரிந்தால்தான் பயம் கூடும். எந்த வழி, எங்கே தங்குவது, வழிகாட்டியின் இலக்கம், மூன்றாம் நாள் எத்தனை மணிக்கு அழைப்பீர்கள், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அடியில் பொலிசின் 119, அம்புலன்சின் 1990 இரண்டையும் எழுதுங்கள். சொன்ன நேரம் தாண்டி எத்தனை மணித்தியாலம் பொறுத்திருக்க வேண்டும் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் மாத்தளையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போதே அவ பொலிசுக்கு அழைத்துவிடுவா.