காரில் ஸ்பேர் சாவியையும் விலையுள்ள பொருட்களையும் எங்கே, எப்படி ஒளித்து வைப்பது?

நீச்சலுக்கோ ஓட்டத்துக்கோ மலையேற்றத்துக்கோ போகும்போது சாவியைக் கூடவே கொண்டுபோக முடியவில்லை, காரிலேயே ஒளித்து வைக்கலாமா, பர்ஸையும் லேப்டாப்பையும் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வைக்கலாம். எல்லோரும் "எந்த இடம்" என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். அதற்கு முன்னால் "எந்தச் சாவி" என்பதை முடிவு செய்யுங்கள். வண்டிக்கு வெளியே ஒளிக்கும் சாவி கதவை மட்டும் திறக்க வேண்டும், இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது.

இமொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜின் ஓடாதபடி தடுக்கும் அமைப்பு) உள்ள கார்களில் சாவியின் தலைப்பகுதிக்குள் ஒரு சின்ன சிப் இருக்கும். அதற்கு பேட்டரி தேவையில்லை. இக்னிஷன் பூட்டைச் சுற்றியிருக்கும் காயில்தான் அதற்கு மின்சக்தி கொடுத்து, அதிலுள்ள குறியீட்டைச் சரிபார்க்கிறது. பொருந்தாவிட்டால் சாவி திரும்பும், வண்டி ஓடாது. ஆகவே சாவி வெட்டுபவரிடம் சிப் இல்லாத வெறும் உலோகச் சாவி ஒன்று கேளுங்கள். சிப் சாவியோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. தினமும் புழங்கும் சாவியைப் பார்த்து வெட்டினால் அதன் தேய்மானமும் சேர்ந்து நகலாகிவிடும். அதிகம் புழங்காத இரண்டாவது சாவியையோ, வண்டியோடு வந்த சாவி எண்ணையோ கொடுத்து வெட்டச் சொல்லுங்கள்.

வெட்டிய சாவியை டிரைவர் கதவில் பத்துத் தடவையாவது போட்டுத் திருப்பிப் பாருங்கள். ரிமோட்டிலேயே திறந்து பழகியதால் அந்தப் பூட்டு வருடக்கணக்கில் திரும்பாமல் இறுகிப் போயிருக்கலாம். கிராஃபைட் தூளோ, உலர்ந்து போகும் டெஃப்லான் ஸ்ப்ரேயோ போடுங்கள். எண்ணெய் வேண்டாம், தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும். சாவித்துளையே கண்ணில் படவில்லையென்றால் டிரைவர் பக்கக் கைப்பிடியின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் இருக்க வாய்ப்பு அதிகம். மூடி எப்படிக் கழலும் என்பதை மேனுவலில் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: ரிமோட்டில் பூட்டிய சில கார்களை உலோகச் சாவியால் திறந்தால் அலாரம் அலறும், சிப் சாவி உள்ளே அடையாளம் காணப்பட்ட பிறகுதான் ஓயும். அசல் சாவி கையில் இருக்கும்போதே சோதித்துவிடுங்கள்.

சிப் உள்ள சாவி காருக்குள்ளே, பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். பெட்டியைப் பற்றிக் கீழே சொல்கிறேன். இமொபிலைசரே இல்லாத பழைய கார் என்றால் இந்த உத்தி பயன்படாது. அங்கே அந்தக் காருக்கு வெட்டிய எந்தச் சாவியும் இன்ஜினை ஓட்டும், அதனால் வெளியே ஒளிக்கவே வேண்டாம்.

பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கீலெஸ் கார்களில்தான் சிக்கல் அதிகம். சாவி உயிரோடு காருக்குள்ளோ பம்பருக்குப் பின்னாலோ இருந்தால், கார் பூட்டிக்கொள்ளவே மறுக்கும், அல்லது யார் கைப்பிடியைத் தொட்டாலும் திறந்துகொள்ளும். போதாக்குறைக்குச் சாவியும் காரும் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்து இரண்டின் பேட்டரியும் இறங்கும். எளிய வழி, ஸ்பேர் சாவியின் பேட்டரியைக் கழற்றிவிடுவது. பெரும்பாலும் சிஆர்2032 என்ற வட்ட பேட்டரிதான். பேட்டரி இல்லாத சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்தாலோ, அதற்கென உள்ள பள்ளத்தில் வைத்தாலோ பெரும்பாலான கார்கள் ஸ்டார்ட் ஆகும். இடம் மாடலுக்கு மாடல் மாறும். இதே வசதி திருடனுக்கும் உண்டு என்பதால், பேட்டரி கழற்றிய சாவியையும் பூட்டித்தான் வைக்க வேண்டும். பேட்டரி இருந்தே ஆக வேண்டுமென்றால் அலுமினியத் தாளை இரண்டு மூன்று சுற்று, இடைவெளி இல்லாமல் சுற்றுங்கள். சுற்றியதைக் கதவருகே பிடித்துக்கொண்டு கைப்பிடியைத் தொட்டால் கார் அசையக் கூடாது. சிக்னலைத் தடுக்கும் பை வாங்கினால் மடிப்பில்தான் முதலில் கிழியும். மாதம் ஒருமுறை இதே சோதனை தேவை.

இனி இடம். காந்தப் பெட்டியை அடியில் ஒட்டிவிட்டு மறந்துவிடும் பழக்கம் சரியில்லை. அடிப்பகுதியில் துருத் தடுப்புப் பூச்சு தடிமனாக இருந்தால் பிடிப்பு வெகுவாகக் குறையும். அலுமினியத்திலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டவே ஒட்டாது. சாதாரண நியோடிமியம் காந்தம் சுமார் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வலுவிழக்கத் தொடங்கும், சைலன்சர் பக்கம் அந்தச் சூடு சர்வ சாதாரணம். பள்ளத்தில் விழுந்து எழும்போது பெட்டி எங்கே போனது என்றே தெரியாது. அதோடு, வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு), பம்பரின் உள்விளிம்பு, டயரின் மேல், பெட்ரோல் மூடிக்குள் என்று திருடன் கைவிட்டுத் துழாவும் இடங்களில்தான் எல்லோரும் ஒட்டுகிறார்கள்.

கருவி இல்லாமல் எடுக்க முடியாதபடி கட்டுவதே நல்லது. சிப் இல்லாத சாவி தட்டையாக இருப்பதால் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் அடங்கும். சாவித் தலையின் துளை வழியாகப் பிளேட்டின் ஸ்குரூவையே செலுத்தி இறுக்கலாம். கலகலக்காமல் இருக்க சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை நடுவில் வையுங்கள். பிளேட்டைக் கழற்ற முடியாத ரிவெட்டால் பொருத்தியிருந்தால் இது நடக்காது. அடுத்தது, சாவியை டேப்பில் சுற்றி, அடியிலுள்ள அசையாத இரும்புச் சட்டத்திலோ இழுவைக் கொக்கியிலோ ஸ்டெயின்லெஸ் ஹோஸ் கிளிப் (ரப்பர் குழாயை இறுக்கும் ஸ்குரூ வளையம்) போட்டு இறுக்குவது. திறக்க ஒரு சின்ன ஸ்குரூடிரைவர் போதும், அதை வண்டிக்கு வெளியே எங்கே வைப்பீர்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். கேபிள் டை போட்டால் வெயில் தாங்கும் கறுப்பு நிறத்தில் இரண்டு போடுங்கள், ஒன்று அறுந்தாலும் மற்றது பிடிக்கும்.

நம்பர் பூட்டு உள்ள சாவிப் பெட்டியை இழுவைக் கொக்கியில் மாட்டுவதும் உண்டு. நான்கு இலக்கம் என்றால் 10,000 சேர்க்கைகள். ஆனால் மலிவான பெட்டிகளில் எண் சக்கரத்தை அழுத்திச் சுழற்றும்போது சரியான எண்ணில் விரலுக்கு ஒரு சின்னத் தடங்கல் தெரியும், பழகிய கை சில நிமிடத்தில் திறந்துவிடும். தடித்த வளையமும் மூடியும் உள்ளதாக வாங்கி, கண்ணில் படாத பக்கம் மாட்டுங்கள்.

சைலன்சர் குழாய், பிரேக் குழாய், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், சுழலும் ஆக்சில், ரேடியேட்டர் விசிறி, இவற்றின் பக்கமே போகாதீர்கள். பானெட்டுக்குள் வைப்பதும் வீண், அதைத் திறக்கும் லீவர் காருக்குள்தான் இருக்கிறது. எலெக்ட்ரிக் பட்டனில் மட்டும் திறக்கும் டிக்கிக்குள் வைத்தால் கார் பேட்டரி இறங்கிய அன்று மாட்டிக்கொள்வீர்கள்.

விலையுள்ள பொருட்களுக்கு வருவோம். கிளவ் பாக்ஸின் பூட்டு பிளாஸ்டிக் நாக்கு, ஸ்குரூடிரைவர் ஒரு நெம்பு நெம்பினால் போச்சு. பின்சீட்டு மடங்கும் கார்களில் டிக்கிக்கும் அதே கதிதான். கண்ணாடியை உடைத்தவன் சீட்டைச் சாய்த்துக் கைவிட்டு எடுப்பான். சிறிய எஃகுப் பெட்டி ஒன்றை ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தில், ஸ்டெப்னியைப் பிடிக்கும் நடு போல்ட்டோடு சேர்த்து இறுக்குவது நல்ல ஏற்பாடு. போல்ட் தலை பெட்டிக்குள் வரும்படி, அகலமான வாஷர் வைத்து மாட்டினால் பெட்டியைத் திறக்காமல் கழற்ற முடியாது. ஸ்டெப்னியே இல்லாத கார் என்றால், கேபிளோடு வரும் பெட்டியை முன்சீட்டின் இரும்புச் சட்டத்தில் சுற்றி சீட்டுக்கடியில் தள்ளுங்கள். கேபிளைக் கட்டரால் அறுக்கலாம்தான், ஆனால் அவசரத்தில் இருப்பவனை அது தடுக்கும். தரையில் புதிதாகத் துளை போடவே போடாதீர்கள். அடியில் பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய், வயர்கள் ஓடும். எலெக்ட்ரிக் காரில் உயர் மின்னழுத்த பேட்டரியே பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். சீட் போல்ட்டுக்கு அடியில் எதையும் செருகவும் வேண்டாம், விபத்தில் சீட்டைப் பிடிப்பது அந்த போல்ட்தான். சீட்டுக்கடியில் மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் அது பெரும்பாலும் ஏர்பேக் வயர், பெட்டி அதில் உரசக் கூடாது.

பொருட்களைப் பெட்டிக்குள் வைப்பதைக் கிளம்பும் இடத்திலேயே முடித்துவிடுங்கள். போய் இறங்கிய இடத்தில் டிக்கியைத் திறந்து லேப்டாப்பை வைத்தால், பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு வழிகாட்டியது போலாகும். வெயிலில் நிற்கும் காருக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டலாம், ஆகவே பவர் பேங்க்கை விட்டுப் போகாதீர்கள். வீட்டுச் சாவியையும் முகவரி உள்ள வண்டிப் பத்திரத்தையும் ஒரே பெட்டியில் வைத்தால் இழப்பு கார் போனதோடு நிற்காது, திருடன் வீட்டுக்கும் வந்துவிடலாம்.

இன்ஷூரன்ஸ் பாலிசியையும் ஒருமுறை வாசியுங்கள். சாவியை வண்டியிலேயே விட்டிருந்தால் திருட்டுக்கு இழப்பீடு இல்லை என்று பல பாலிசிகளில் விதி உண்டு.

எல்லாம் பொருத்திய பிறகு ஓர் ஒத்திகை தேவை. அசல் சாவியை நம்பிக்கையானவரிடம் கொடுத்துவிட்டு, இருட்டிய பின், ஈரக் கையோடு, டார்ச் இல்லாமல் சாவியை எடுத்துக் கதவைத் திறந்து வண்டியை ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனால் இடத்தை மாற்றுங்கள்.