கண்மாயில் களிமண் எடுக்கக் கையூட்டுக் கொடுத்தே ஆக வேண்டுமா?

"மதுரைப் பக்கம் பானையும் பொம்மையும் செய்யும் குடும்பங்கள் கண்மாயில் மண் எடுப்பதற்கு இன்னமும் அலுவலகங்களில் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறதா? கொடுக்காமல் எடுத்தவர் யாரேனும் உண்டா?" என்பது கேள்வி.

எடுத்தவர்கள் உண்டு. எங்கள் குடும்பமும் எங்கள் தெருவில் இன்னும் சில குடும்பங்களும் அண்மை ஆண்டுகளில் கையூட்டாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல் முறைப்படி அனுமதி பெற்று மண் எடுத்திருக்கிறோம். ஆனாலும் நான் அறிந்த அக்கம்பக்கத்து ஊர்களில் கொடுத்துவிட்டு எடுப்பவர்களே இன்று வரை மிகுதியாக இருக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நான் திருப்பரங்குன்றத்துக்கு அருகே, கொலு பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற விளாச்சேரியின் பக்கத்தில், மண்பாண்டம் செய்யும் வேளார் குடும்பத்தில் பிறந்தவன். தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். அப்பாவும் அண்ணனும் இன்றும் சக்கரம் சுற்றிச் சூளை வைக்கிறார்கள். உறவினருக்கும் தெருக்காரர்களுக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, அதன் பின்னாலேயே அலைந்து கையெழுத்து வாங்கித் தருவது என் பொறுப்பாகிவிட்டதால், பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

மண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது கிடைக்கும் இடமும் காலமும் தெரியாதவருக்கு, பணம் கேட்பவரின் பலம் எங்கிருந்து வருகிறது என்பது விளங்காது. கண்மாயில் கிடக்கும் மண் எல்லாமே பானைக்கு ஆகாது. ஓடை வந்து சேரும் பக்கத்தில் மணல் கலந்திருக்கும். கரையை ஒட்டிய பள்ளத்தில்தான், தண்ணீர் தேங்கித் தெளிந்து ஆண்டாண்டாகப் படிந்த நயமான வண்டலும் களியும் கிடைக்கும். அப்பா ஒரு பிடி மண்ணை நனைத்துத் திரியாக உருட்டி வளைத்துப் பார்ப்பார். உடனே விரிசல் கண்டால் மணல் அதிகம் என்று பொருள். வளைந்து கொடுத்துக் கையோடு பசையாக ஒட்டிக்கொண்டால் களி அதிகம், அதைத் தனியாக வனைந்தால் காயும்போது சுருங்கிப் பிளந்துவிடும். ஆகவே இரண்டு இடத்து மண்ணைக் கலந்து, ஊறவைத்து, சலித்து, காலால் மிதித்துப் பதம் சேர்க்க வேண்டும். சுண்ணாம்புக் கல் கலந்த இடத்தை அவர் தொடவே மாட்டார். அந்தத் துணுக்கு சூளையில் வெந்து, பிறகு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உப்பும். நல்லபடியாக இறக்கி வைத்த பானையின் மேற்புறம் சில நாட்கள் கழித்துச் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். இவ்வளவு பார்த்து இடம் தேர்ந்தெடுக்கும் ஒருவரிடம், "அந்தக் கண்மாய்க்கு அனுமதி இல்லை, வேறு எங்காவது எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது, தொழிலையே வேறு ஊருக்கு மாற்றச் சொல்வதாகும்.

காலமும் குறுகியது. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அணையிலிருந்து திறந்துவிடும் தண்ணீரிலும் நிறையும் எங்கள் பக்கத்துக் கண்மாய்கள் மாசி, பங்குனிக்கு மேல்தான் வற்றத் தொடங்கும். சித்திரையிலிருந்து ஆடி வரை உள்வாய் காய்ந்து டிராக்டர் இறங்கும் நிலையில் இருக்கும். அதற்குள் ஓராண்டுக்கு வேண்டிய மண்ணை வீட்டுப் பக்கம் கொண்டுவந்து குவித்துவிட வேண்டும். ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தி, அதன் பின் நவராத்திரிக் கொலு, கார்த்திகைக்கு அகல் விளக்கு, தை பிறந்தால் பொங்கல் பானை என்று எங்கள் விற்பனை முழுவதும் ஆண்டின் பின்பாதியில் அடுத்தடுத்து வருகிறது. மழை பிடித்துவிட்டால் வனைந்தது காயாது, சூளையும் வைக்க முடியாது. எனவே கோடையில் மண் சேர்க்காத குடும்பம் அந்த ஆண்டு முழுவதையும் இழந்துவிடும்.

ஐயனார் கோயிலுக்கு மண் குதிரைகளை ஊர்வலமாக எடுத்துச் சென்று வைக்கும் புரவி எடுப்புத் திருவிழாவுக்குக் குதிரை செய்பவர்களின் நெருக்கடி இன்னும் பெரிது. ஊர்ப் பெரியவர்கள் வெற்றிலை பாக்கும் காணிக்கையும் வைத்து, வேளார் கையில் பிடிமண் கொடுத்து வேலையை ஒப்படைப்பார்கள். வாங்கிக்கொண்டால் அது சாமிக்கும் ஊருக்கும் கொடுத்த வாக்கு. ஆளுயர மண் குதிரையை ஒரே மூச்சில் நிறுத்திவிட முடியாது. கால்கள் இறுகிய பிறகு உடல், உடல் இறுகிய பிறகு கழுத்து என்று பொறுத்துப் பொறுத்து ஏற்ற வேண்டும், பிறகு நிழலில் உலர்த்த வேண்டும், பிறகுதான் நெருப்பு. குறித்த நாளைத் தள்ளிப் போடச் சொல்லி அவரால் ஊரிடம் கேட்க முடியாது. மண் எடுக்கும் அனுமதி இரண்டு வாரம் தாமதப்படுவது அவருக்கு என்ன செய்யும் என்பதை அலுவலகத்தில் இருப்பவரும் நன்றாக அறிவார், ஏனென்றால் அவரும் இதே மாவட்டத்துக்காரர்தான்.

சட்டம் எங்களுக்கு எதிராக இல்லை என்பதைக் கேள்வி கேட்டவர் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், 1959, தம்முடைய 12ஆம் விதியில் வீட்டுத் தேவைக்கும் வேளாண்மைக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் கண்மாய், குளங்களிலிருந்து வண்டலும் களிமண்ணும் கட்டணமின்றி எடுக்க இடமளிக்கின்றன. 2017இல் வகுத்த அளவின்படி நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90, மண்பாண்டத் தொழிலுக்கு 60. டிராக்டர் ஒரு நடைக்கு ஏறத்தாழ ஒரு யூனிட், அதாவது 100 கன அடி ஏற்றும் என்று வைத்துக்கொண்டால், 60 கன மீட்டர் என்பது 20 நடையைச் சற்றே தாண்டும். எங்களைப் போன்ற ஒரு குடும்பத்துக்கு அது போதும். முன்பு இந்த அனுமதிக்காக மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வரை கோப்பு போய் வர வேண்டியிருந்தது. 2024 ஜூன் மாதத்தில் விதியைத் திருத்தி, வட்டாட்சியரே அனுமதி வழங்கலாம் என்று ஆக்கியிருக்கிறார்கள். விண்ணப்பத்தையும் இணையத்தில் கொடுக்கலாம். அரசு செய்த நல்ல காரியங்களில் இதுவும் ஒன்று என்று மனமாரச் சொல்வேன்.

பழைய முறையில் கோப்பு பல மேசைகளைத் தாண்ட வேண்டும், ஒவ்வொரு மேசையிலும் அது தூங்கலாம். ஒரு கோடையில், எந்த அலுவலகம் என்று சொல்ல விரும்பவில்லை, அப்பாவோடு போயிருந்தேன். விண்ணப்பத்தில் குறை இருப்பதாக ஒருவரும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. "பைல் இன்னும் மேல போகல பெரியவரே. பாத்துச் செஞ்சீங்கன்னா இந்த வாரமே அனுப்பிரலாம்" என்று மட்டும் ஊழியர் ஒருவர், மிகுந்த மரியாதையோடு, சொன்னார். "எவ்வளவுன்னு சொல்லுங்க சார்" என்று அப்பா கேட்டபோது, ஆடி பிறக்க இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று அப்பா மனத்துக்குள் எண்ணுவது எனக்குத் தெரிந்தது. அன்று கைமாறியது இரண்டாயிரம் ரூபாய். சட்டப்படி இலவசமான மண்ணுக்கு இப்படித்தான் விலை வந்தது. அந்த ஊழியர் விற்றது மண்ணை அல்ல. எங்களுடைய கோடை நாட்களையே எங்களுக்கு விற்றார். இந்த வட்டாரத்தில் கையூட்டு நிலைத்து நிற்பதற்கு ஆசையையும் வறுமையையும் பலர் காரணமாகச் சொல்கிறார்கள். என் அனுபவத்தில், காத்திருக்க இயலாதவனின் அவசரமே அதற்கு முதலீடு.

அலுவலகத்தோடு முடிவதும் இல்லை. அனுமதிச் சீட்டு இருந்தாலும் மண் ஏற்றிய டிராக்டரைச் சாலையில் நிறுத்துவார்கள். சீட்டு, தேதி, வண்டி எண், அளவு என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருந்தாலும் "டீச் செலவுக்கு" என்று கேட்கும் வழக்கம் உண்டு. நிறுத்துவதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். வண்டல், சவுடு என்ற பெயரில் கண்மாய்களைப் பனைமர ஆழத்துக்குத் தோண்டி, கீழே இருக்கும் மணலை அள்ளிச் சென்ற கூட்டத்தை நாங்களும் பார்த்திருக்கிறோம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் இதில் பலமுறை கண்டிப்பான உத்தரவுகளைப் போட்டிருக்கிறது. சோதனை வேண்டும். ஆனால் இதே மாவட்டத்தில்தான், ஆட்சியராக இருந்த உ. சகாயம் 2012இல் அரசுக்கு எழுதிய அறிக்கையில், முறைகேடான கிரானைட் குவாரிகளால் ஏற்பட்ட இழப்பை 16,338 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார். மலைகள் அறுபட்டு லாரிகளில் போன சாலையில், அகல் விளக்குக்கு மண் கொண்டுபோகும் முதியவர் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு வரும் கோபம் இன்னும் அடங்கவில்லை. உரிமையோடு எடுத்தவரையும் திருடியவரைப் போலப் பேச வைப்பதைத்தான் நான் கையூட்டின் பெரிய கேடாகக் கருதுகிறேன்; இரண்டாயிரத்தை மறுபடி சம்பாதித்துவிடலாம்.

நாங்கள் கொடுக்காமல் எடுக்க முடிந்ததற்குத் துணிச்சலைவிட முன்கூட்டியே தொடங்கியதுதான் காரணம். கண்மாயில் தண்ணீர் கிடக்கும்போதே, மாசி மாதத்தில் வேலையைத் தொடங்கினோம். நாங்கள் கேட்கும் கண்மாய் மாவட்ட அரசிதழில் அறிவித்த பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்த்தோம், ஏனெனில் பட்டியலில் இல்லாத கண்மாய்க்கு எவ்வளவு நல்ல அதிகாரியாலும் அனுமதி தர முடியாது. அந்த ஓட்டையைத்தான் "ஏதாவது செய்து தருகிறேன்" என்று சொல்லும் இடைத்தரகர்கள் பயன்படுத்துகிறார்கள். கண்மாய் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ளவை நீர்வளத் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். தவறான அலுவலகத்தில் அலைந்து கோடையை இழந்தவர்கள் எங்கள் உறவிலேயே உண்டு. மண்பாண்டத் தொழிலாளர் நல வாரிய அட்டையின் நகல், கிராம நிர்வாக அலுவலர் சான்று எல்லாவற்றையும் இணைத்து, தனித்தனியாகப் போகாமல் தெருக்காரர்கள் ஒரே நாளில் சேர்ந்து கொடுத்தோம். ஒருவரிடம் கேட்கும் வாய், பலர் சேர்ந்து நிற்கும்போது அவ்வளவு எளிதாகத் திறப்பதில்லை.

ஒப்புகை எண் இல்லாமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள் என்பதை அழுத்திச் சொல்வேன். விண்ணப்பம் நகராதபோது நாங்கள் சண்டை போடவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு, "இன்ன எண்ணுள்ள விண்ணப்பம் எந்தத் தேதியில் யாரிடம் வந்தது, இன்று யாரிடம் இருக்கிறது" என்று மட்டும் கேட்டோம். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. ஆனால் அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே கோப்பு நகர்ந்துவிட்டது. தேதியும் பெயரும் தாளில் ஏறப்போகிறது என்றால் தூங்கும் கோப்பு எழுந்துகொள்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை தோறும் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனுக் கொடுக்கலாம். அங்கு வாங்கும் மனு எண்ணுக்கும் மதிப்பு உண்டு.

நேரடியாகப் பணம் கேட்டுக் கட்டாயப்படுத்தினால் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போகலாம். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் செய்த திருத்தத்தின்படி கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் தெரிவித்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. கொடுப்பதற்கு முன்பே தெரிவித்தால், பினாப்தலீன் என்ற வேதிப்பொடி தடவிய நோட்டுகளைக் கொடுத்து அனுப்புவார்கள். வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் அது இளஞ்சிவப்பாக மாறும். எங்கள் தெருவில் இதுவரை ஒருவரும் அந்த வழியில் போனதில்லை. அடுத்த கோடையிலும் அதே அலுவலகத்தில் நிற்க வேண்டுமே என்ற அச்சம் மெய்யானது. அதற்காகப் பணம் கொடுத்துவிட்டு வருபவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன், என் அப்பாவையும் சொன்னதில்லை.

மழைக்கால நிவாரணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நல வாரியத்தில் பதிந்த மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு வழங்கும் 5,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வந்துவிடுவதால் அதில் இடையில் ஒரு கையும் நீளுவதில்லை. பெயரைப் பதிவதற்கும் புதுப்பிப்பதற்கும்தான், ஆள் வந்து தொழிலைப் பார்த்துச் சான்று தர வேண்டிய இடத்தில், சிலர் கேட்கிறார்கள். நேரில் பார்க்காமல் சான்று தரவும் கூடாது, தந்தால் சக்கரத்தையே தொடாதவர்கள் பட்டியலில் ஏறிவிடுவார்கள். பார்வையிட்ட தேதியை விண்ணப்பதாரரின் கைப்பேசிக்கு அன்றே குறுஞ்செய்தியாக அனுப்பும்படி செய்தாலே பெரும்பகுதி குறையும் என்பது என் எண்ணம்.

உங்கள் உறவினர் யாரேனும் இந்த ஆண்டு மண் எடுக்க வேண்டியிருந்தால் பங்குனிக்குள் விண்ணப்பத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள். அனுமதி வந்ததும் அதில் கண்மாயின் பெயர், அளவு, முடியும் தேதி ஆகியவை சரியாக இருக்கின்றனவா என்று அலுவலகத்திலேயே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூலத்தை டிராக்டர் ஓட்டுநரிடமும் நகலை வீட்டிலும் வைத்துக்கொண்டு, நடைக் கணக்கை ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவந்தால், சாலையில் நிறுத்துபவரிடம் நின்று பதில் சொல்ல முடியும்.