குறைந்த விலை நைட்ரோ டிரக்கில் எஞ்சினை மாற்றிப் பெரியதாகப் பொருத்தலாமா?

குறைந்த விலையில் வாங்கிய, மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த எரிபொருளில் ஓடும் நைட்ரோ ரிமோட் கண்ட்ரோல் டிரக்கில் இழுவை போதவில்லை என்றும், அதில் பெரிய எஞ்சினைப் பொருத்தலாமா, பொருத்துவதென்றால் எந்த அளவில் வாங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்களிடம் இருப்பது பத்தில் ஒரு பங்கு அளவிலான டிரக் என்றும், அதில் 0.15 அல்லது 0.18 கன அங்குல எஞ்சின், அதாவது ஏறத்தாழ 2.5 அல்லது 3 சிசி எஞ்சின், கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்யும் வகையில் இருக்கிறது என்றும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். பெட்டியைத் திறந்ததும் ஓட்டலாம் என்று விற்கப்படும் வண்டிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் வருகின்றன.

எஞ்சினை மாற்றலாம், ஆனால் அளவைக் கூட்டாதீர்கள். அதே அளவில், அதே ஷாஃப்ட் வகையில், அதே திருகுத் துளை இடைவெளியில், நன்றாகச் செய்யப்பட்ட எஞ்சினாகப் பார்த்து வாங்குங்கள். அதற்கும் முன்பாக, இப்போதுள்ள எஞ்சின் உண்மையிலேயே பலவீனமானதா, அல்லது எங்கேனும் காற்று இழுக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நான் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து ஓர் ஆண்டை வீணாக்கியவன். அதனால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் கடந்து போக மனம் வரவில்லை.

என் டிரக்கில் வந்தது 0.18 எஞ்சின். முதல் சில மாதங்கள் குறையில்லாமல் ஓடியது. பிறகு, த்ராட்டிலை விட்ட பின்னும் எஞ்சின் வேகம் இறங்காமல் மேலேயே நின்று, சில விநாடிகள் கழித்துச் சட்டென்று விழுந்து அணைந்துபோகத் தொடங்கியது. குளிர்ந்திருக்கும்போது இரண்டாவது இழுப்பில் பிடிக்கும். சூடாகிவிட்டால் எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் பிடிக்காது. காலையில் திருப்புளியால் திருத்தி வைத்த நீடில், அதாவது எரிபொருளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு, மாலையில் ஒத்துவராது. எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ பிளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றினேன், எரிபொருளை மாற்றினேன், கடைசியில் மலிவான எஞ்சினின் தரம் இவ்வளவுதான் என்று முடிவுகட்டினேன். என் மாமா வாழ்நாளெல்லாம் லேத்தில் வேலை பார்த்தவர். "மாப்பிள்ளை, எஞ்சின் மேல் பழி போடுவதற்கு முன்னால் அதைக் கழற்றி என்னிடம் ஒரு நாள் கொடு" என்றார். நான் கொடுக்கவில்லை. அதற்குள் 0.21 எஞ்சின் ஒன்றுக்கு ஆர்டர் போட்டுவிட்டேன்.

0.21 என்றால் ஏறத்தாழ 3.4 சிசி. கணக்கில் பார்த்தால் 0.18-ஐவிட ஆறில் ஒரு பங்குதான் கூடுதல். ஆனால் 0.21 எஞ்சின்கள் பெரும்பாலும் எட்டில் ஒரு பங்கு அளவு வண்டிகளுக்காகச் செய்யப்படுபவை. அவற்றின் உடலே பெரியது. வந்த எஞ்சினின் திருகுத் துளைகள் என் வண்டியின் தாங்கிகளைவிட அகலமாக இருந்தன. கிராங்க் ஷாஃப்டின் முனை நீளமாகவும் அதன் மரை வேறு அளவிலும் இருந்ததால் பழைய ஃப்ளைவீலும் கிளட்ச் நட்டும் அதில் ஏறவில்லை. பின்பக்கத்தில் கயிறு இழுக்கும் அமைப்பே கிடையாது. அதை ஸ்டார்ட் செய்ய, வண்டியை மேலே வைத்து ஃப்ளைவீலைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் பெட்டி வேண்டும், அதற்குச் சேஸியின் அடியில் திறப்பும் வேண்டும். புகை போகும் வாய் வேறு பக்கம் இருந்ததால் பழைய பைப்பும் சேரவில்லை. வாங்கும் முன் ஷாஃப்ட் எந்த வகை என்று விற்பனையாளரிடம் இரண்டு முறை எழுதிக் கேட்டிருந்தேன். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்பதற்கு மேல் ஒரு சொல் பதில் வரவில்லை. குதிரைத்திறனைக் கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள், ஷாஃப்டின் நீளத்தையும் திருகு இடைவெளியையும் ஏன் போடுவதில்லை என்று எனக்கு இன்றும் ஆற்றாமைதான். எஞ்சினை வாங்குகிறவனுக்கு முதலில் தேவைப்படுவது அந்த இரண்டு அளவுகள்தானே.

ஆனாலும் விடவில்லை. தாங்கிகளை அரத்தால் ராவி, சேஸியில் புதுத் துளைகள் போட்டு, கிளட்ச், ஃப்ளைவீல், பைப் எல்லாவற்றையும் புதிதாக வாங்கிப் பொருத்தினேன். முதல் ஓட்டத்தில் வண்டி முன்சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு பாய்ந்ததை மறுக்க மாட்டேன். அந்த ஒரு நாள் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டாவது டேங்க் முடிவதற்குள் எஞ்சின் அலற, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. கவிழ்த்துப் பார்த்தபோது, கிளட்ச்சிலிருந்து சுழற்சியை வாங்கும் ஸ்பர் கியரின் பற்கள் ஒரு பக்கம் முழுவதும் மழுங்கிப்போய், சேஸியின் மூலையில் எண்ணெயோடு சேர்ந்து கறுப்புத் தூளாக அப்பியிருந்தன. தாங்கியை ராவியதில் எஞ்சின் ஒரு மயிரிழை சாய்ந்துவிட்டதால், ஸ்பர் கியரைச் சுழற்றும் கிளட்ச் பெல்லின் பற்கள் பாதி அகலத்தில்தான் கடித்துக்கொண்டிருந்திருக்கின்றன.

பிளாஸ்டிக் கியருக்குப் பதிலாக இரும்புக் கியர் போட்டேன். கியர் தாங்கியது, அடுத்த வாரம் பின் டிஃபரன்ஷியல் போயிற்று. அதையும் மாற்றினேன், சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் கம்பியின் முனையிலுள்ள கிண்ணம் பிளந்தது. ஒரு வண்டியில் எஞ்சினிலிருந்து சக்கரம் வரை உள்ள ஒவ்வொரு பாகமும் ஏறத்தாழ ஒரே பலத்துக்குக் கணக்கிட்டுத்தான் செய்யப்பட்டிருக்கும்; குறைந்த விலை வண்டியில் அந்தக் கணக்கில் மிச்சம் வைப்பதே இல்லை. நீங்கள் எஞ்சினைப் பெரிதாக்கி ஓர் இடத்தைப் பலப்படுத்தினால், முறிவு அடுத்த இடத்துக்கு நகரும். எரிபொருளும் அப்படித்தான்; 75 சிசி டேங்க் கண்மூடித் திறப்பதற்குள் காலியாகிவிடும்.

இதைவிட முக்கியமானது பிரேக். பழைய வேகத்துக்குப் போட்ட சிறிய பிரேக் தட்டு புதிய வேகத்தைப் பிடித்து நிறுத்தவில்லை. என் ரிசீவரில் ஃபெயில்சேஃப் இல்லை, அதாவது சிக்னல் அறுந்தால் தானாகவே பிரேக்குக்குப் போகும் ஏற்பாடு இல்லை. ஒரு நாள் ரிசீவரின் பேட்டரி தளர்ந்து, த்ராட்டில் பாதி திறந்த நிலையிலேயே வண்டி நேராக ஓடிச் சுவரில் மோதியது. அந்தப் பக்கம் ஆள் யாரும் நிற்காதது என் நல்ல காலம். எஞ்சினை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், கார்புரேட்டரில் த்ராட்டிலை இழுத்து மூடும் ஒரு ஸ்பிரிங்கையும் ஃபெயில்சேஃப் உள்ள ரிசீவரையும் முதலில் போடுங்கள்.

உடைந்த வண்டியோடு மாமாவிடம் போனேன். அவர் புதிய எஞ்சினைத் தொடவே இல்லை, பழைய 0.18-ஐத்தான் கேட்டார். குளோ பிளக்கைக் கழற்றிவிட்டு ஃப்ளைவீலைக் கையால் மெல்லச் சுற்றினார். பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தில் அது இறுகி நின்று, சற்று அழுத்தியதும் தாண்டியது. "இறுக்கம் இருக்கிறது மாப்பிள்ளை. இதை எப்படிச் செத்துவிட்டது என்கிறாய்?" என்றார். இந்த எஞ்சின்களில் பிஸ்டனுக்கு வளையம் கிடையாது. குரோம் பூசிய பித்தளை ஸ்லீவின் மேற்பகுதி சற்றே குறுகலாக இழைக்கப்பட்டிருக்கும். அலுமினியப் பிஸ்டன் அங்கே வந்து இறுகுவதால்தான் அழுத்தம் கிடைக்கிறது. எஞ்சின் சூடாகும்போது ஸ்லீவின் மேற்பகுதி கூடுதலாக விரிந்து சரியான இடைவெளி உண்டாகும். குளிர்ந்த நிலையில் அந்த இறுக்கம் துளியும் இல்லாவிட்டால் எஞ்சின் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இருந்தால் குறை வேறெங்கோ இருக்கிறது.

பிறகு கார்புரேட்டரை மூடி, புகைவாயை ரப்பரால் அடைத்து, ஒரு குழாயை மட்டும் வெளியே விட்டு, எஞ்சினை ஒரு பாத்திரத் தண்ணீரில் அமிழ்த்தி என்னை ஊதச் சொன்னார். பின் மூடியின் கீழ் ஓரத்திலிருந்து கடுகு கடுகாகக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. கயிறு அறுந்தபோது நான் அந்த மூடியைக் கழற்றி மாட்டியிருந்தேன்; உள்ளே இருந்த காகித கேஸ்கெட் கிழிந்திருந்ததை அன்று கவனிக்கவில்லை. எஞ்சின் அந்த வழியாகத் திருட்டுத்தனமாகக் காற்றை இழுத்ததால் கலவையில் எரிபொருள் குறைந்து, வேகம் இறங்காமல் மேலேயே நின்றிருக்கிறது, சூடு ஏறியிருக்கிறது. மூடியின் ஓரத்திலும் கார்புரேட்டரின் கழுத்திலும் சூடு தாங்கும் சிலிகான் பசையை மெல்லிய கோடாகப் போட்டு இறுக்கி, தண்ணீர் முழுவதும் போகும்படி உலர்த்தி, எண்ணெய் விட்டு, மறுநாள் பழைய வண்டியிலேயே மாட்டினோம். காலையில் வைத்த நீடில் அன்று முழுவதும் மாறவில்லை. ஓர் ஆண்டாக நான் தேடிய இழுவை அந்தப் பழைய எஞ்சினிலேயே இருந்தது.

முன் பேரிங்கில் ஒன்றிரண்டு குமிழி வந்தால் பயப்படாதீர்கள், அது இயல்பு. மூடியிலோ கார்புரேட்டர் கழுத்திலோ வரக்கூடாது.

அந்த எஞ்சின் மேலும் இரண்டு ஆண்டுகள் உழைத்து, இறுக்கம் முழுவதும் போன பிறகுதான் மாற்றினேன். அப்போது வாங்கியது, திருகு இடைவெளி, ஷாஃப்ட், புகைவாய்ப் பக்கம் மூன்றும் பழையதோடு ஒத்த, பெயர்பெற்ற தயாரிப்பாளரின் இன்னொரு 0.18. ஒரே அளவு என்றாலும் ஸ்லீவில் வெட்டிய துளைகள் சீராக இருந்தன, பேரிங்குகள் மென்மையாகச் சுற்றின, கார்புரேட்டர் நான் வைத்த இடத்தில் நின்றது. பொருத்த அரை நாள் ஆனது. ஒரு துளைகூடப் புதிதாகப் போடவில்லை. டிரக்கின் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி கூடியது. அதன் பிறகு டிரைவ் பாகங்களில் ஒன்றுகூட உடையவில்லை.

புதிய எஞ்சினை நீங்கள் வாங்கினால், ஓட்டிப் பழக்கும் முதல் ஐந்தாறு டேங்குகளில் பொறுமை காட்டுங்கள். ஹேர் டிரையரால் சிலிண்டர் தலையைக் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். குளிர்ந்த ஸ்லீவின் குறுகலில் பிஸ்டன் அடிபட்டுத் தேய்வது குறையும். நீடிலைத் திறந்து எரிபொருளைச் சற்றுக் கூடுதலாகவே விடுங்கள், புகை நன்றாக வரட்டும். ஒவ்வொரு டேங்க் முடிந்ததும் பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து முழுவதும் ஆறவிடுங்கள். உச்சியில் இறுகிய நிலையில் ஆறினால் ஸ்லீவ் கெடும். அதன் பிறகு நீடிலைச் சிறிது சிறிதாக மூடி, தலையின் சூடு 105 முதல் 130 டிகிரி செல்சியசுக்குள் இருக்கும்படியும், முழு வேகத்தில் மெல்லிய புகைக்கோடு விடாமல் வரும்படியும் நிறுத்துங்கள். கிளட்ச் பெல்லுக்கும் ஸ்பர் கியருக்கும் நடுவே ஒரு நோட்டுத்தாள் துண்டை வைத்து இரண்டையும் அழுத்தி எஞ்சினை இறுக்கினால், தாளை எடுத்த பிறகு பற்களுக்கிடையே சரியான இடைவெளி கிடைக்கும். தாள் பல்லின் முழு அகலத்துக்கும் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்க்காமல் விட்டது அதைத்தான்.

எரிபொருளில் நைட்ரோமீத்தேனின் சதவீதத்தைக் கூட்டினாலே போதும் என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரு பங்கு மெத்தனால் முழுவதும் எரிய எடையில் ஆறு பங்குக்கு மேல் காற்று வேண்டும், நைட்ரோமீத்தேனுக்கு இரண்டு பங்குகூட வேண்டாம். ஆகவே அதே காற்றில் அதிக எரிபொருளை எரித்துவிடலாம். ஆனால் சதவீதம் கூடும்போது சிலிண்டர் தலைக்கு அடியில் ஷிம் என்னும் மெல்லிய தகட்டு வளையம் ஒன்றைச் சேர்த்து அழுத்தத்தைக் குறைக்கவும் நீடிலைத் திறக்கவும் வேண்டியிருக்கும். காற்றுக் கசிவு உள்ள எஞ்சினுக்கு இது எந்த வகையிலும் மருந்தாகாது.

தாங்கள் 0.21 போட்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டுவதாக யாரேனும் இங்கே எழுதலாம். நான் நம்புகிறேன். சிறிய உடலோடு வரும் 0.21 எஞ்சின்களும் உண்டு, டிரைவ் பாகங்கள் முழுவதையும் இரும்பாக்கிவிட்டு அதைப் போட்டவர்களும் உண்டு. கேள்வி கேட்டவர் குறைந்த விலை வண்டி வைத்திருப்பவர், அவருக்குச் சொல்கிறேன். நைட்ரோ பற்றி யார் என்ன கேட்டாலும் மின்சார வண்டி வாங்கு என்று எழுதிவிட்டுப் போகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: எஞ்சினைப் பற்றிக் கேட்டவருக்கு எஞ்சினைப் பற்றி ஒரு வரியாவது எழுதினால் என்ன? அந்த நீடிலைத் திருப்பி, சத்தத்தைக் கேட்டு, புகையைப் பார்த்துச் சரிசெய்வதற்காகத்தான் எங்களில் பலர் இந்த வண்டியை வைத்திருக்கிறோம்.

முதலில் குளோ பிளக்கைக் கழற்றி ஃப்ளைவீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கம் இருந்தால் தண்ணீர்ச் சோதனையைச் செய்யுங்கள். இல்லாவிட்டால், இரண்டு திருகுத் துளைகளின் நடுவே உள்ள இடைவெளி, ஷாஃப்ட் உடலிலிருந்து வெளியே நீட்டியிருக்கும் நீளம், அதன் மரையின் விட்டம், புகைவாய் இருக்கும் பக்கம் ஆகிய நான்கையும் அளந்து எழுதுங்கள். எந்த எஞ்சின் நேராக உட்காரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.