நான்கு மலிவு போர்டா, இரண்டு நல்ல போர்டா?

கேள்வி: வீட்டில் காலியாகக் கிடக்கும் அறையில் நான்கு கணினிகளை அசெம்பிள் செய்து, ஐன்ஸ்டைன் அட் ஹோம், ரொசெட்டா அட் ஹோம் போன்று வீட்டுக் கணினிகளின் உதவியோடு ஆராய்ச்சிக் கணக்குகளைப் போடும் அறிவியல் திட்டங்களுக்காக 24 மணி நேரமும் ஓடவிட ஆசை. நான்கிலும் ரைசன் 5 5600 போட்டு, கடையில் இருப்பதிலேயே மலிவான ஏ520 மதர்போர்டு வாங்கலாமா? ஆன்லைனில் சீன எக்ஸ்99 போர்டும் பழைய ஜியான் ப்ராசஸரும் சேர்ந்த செட் இன்னும் மலிவாக வருகிறதே, அது எப்படி? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: 5600-க்கு ஏ520 போர்டு போதும். அதில் சிக்கல் இல்லை. ஆனால் நான்கு போர்டு எதற்கு என்றுதான் நான் கேட்பேன்.

ஒவ்வொரு போர்டும் தனக்கென ஒரு எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), ஒரு எஸ்எஸ்டி, ஒரு கேபினெட், ராம் எல்லாவற்றையும் கேட்கும். போர்டில் மிச்சம் பிடித்த ஆயிரம் ரூபாய் அங்கே போய்விடும். உங்கள் கணக்குப்படி ஒரு 5600-க்கு ஆறு கோர் (ப்ராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி) வீதம் மொத்தம் 24 கோர். அதே 24 கோர், 12 கோர் உள்ள இரண்டு ரைசன் 9 5900எக்ஸ்-லும் கிடைக்கும். ப்ராசஸர் விலையில் லாபம் வராது, கொஞ்சம் கூடவே ஆகலாம். ஆனால் இரண்டு செட் சாமான் மிச்சம். அப்புறம் கரண்ட் பில்.

பில் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 5600 போட்ட ஒரு கணினி முழுச் சுமையில் ப்ளக்கில் சுமார் 110 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். நான்கும் சேர்ந்து 440 வாட். ஒரு நாளைக்குப் பத்தரை யூனிட், இரண்டு மாதத்துக்கு 630 யூனிட்டுக்கு மேல். வீட்டுச் செலவு இதற்கு மேல் தனி. நம் மாநிலத்தில் இருமாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் ஸ்லாபுகளின் கட்டணமும் சேர்ந்து மாறும் என்பது உங்களுக்குத் தெரியும். 5900எக்ஸ்-ஐ பயாஸில் (போர்டிலேயே இருக்கும் செட்டிங் மெனு), ப்ராசஸர் இழுக்கும் மின்சாரத்தைக் குறைக்கும் 65 வாட் ஈக்கோ மோடில் போட்டால், ஒரு கணினி ப்ளக்கில் சுமார் 125 வாட்டில் நிற்கும். இரண்டும் சேர்ந்து இருமாதத்துக்கு 360 யூனிட். ஒவ்வொரு கோரின் வேகமும் கொஞ்சம் குறையும்தான். 24 மணி நேரமும் ஓடும் வேலைக்கு, யூனிட்டுக்கு எவ்வளவு கணக்கு முடிகிறது என்பதே முக்கியம்.

சரி, போர்டுக்கு வருவோம். 5900எக்ஸ்-க்கு ஹீட்சிங்க் வைத்த பி550 போர்டு எடுங்கள். ப்ராசஸர் சாக்கெட்டுக்கும், யுஎஸ்பி, லேன் செருகும் பின்பக்கத்துக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னக் கட்டிகள் வரிசையாக இருக்கும். பக்கத்திலேயே கறுப்பாகத் தட்டையான சில்லுகள். எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட்டை ப்ராசஸருக்கு வேண்டிய ஒரு வோல்ட் அளவுக்கு இறக்கித் தரும் விஆர்எம் அதுதான். மலிவு போர்டில் அந்தச் சில்லுகள் மொட்டையாக இருக்கும், நல்ல போர்டில் அவற்றின் மேல் அலுமினியக் கட்டி ஒன்று திருகி வைக்கப்பட்டிருக்கும். கேம் விளையாடுபவரின் கணினியில் சுமை ஏறி இறங்கும், சில்லுகள் ஆறிக்கொள்ள நேரம் கிடைக்கும். உங்கள் கணினிக்கு அந்த ஓய்வு கிடையாது. ஈரோட்டு மே மாதத்தில் அறையே 38 டிகிரி இருந்தால் விஆர்எம் 100 டிகிரியைத் தாண்டுவது பெரிய விஷயமில்லை. அப்போது போர்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ப்ராசஸரின் வேகத்தை அடியோடு இறக்கிவிடும். கணினி ஓடிக்கொண்டுதான் இருக்கும், முடிக்கும் வேலை மட்டும் பாதியாகியிருக்கும்.

ஈக்கோ மோடில்தானே ஓட்டப் போகிறோம், மொட்டை போர்டே போதாதா என்று கேட்கலாம். ஈக்கோ மோடு என்பது பயாஸில் வைக்கும் ஒரு செட்டிங், அவ்வளவுதான். பயாஸ் அப்டேட் செய்தாலோ, போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி செத்தாலோ அது அழிந்து, 5900எக்ஸ் தன் இயல்பான 142 வாட்டுக்குத் திரும்பிவிடும். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் அது நடந்தாலும் போர்டு தாங்க வேண்டும். இந்த ப்ராசஸருடன் கூலர் வராது, தனியாக வாங்க வேண்டும். லிக்விட் கூலர் வேண்டாம், அதில் ப்ராசஸர் மேல் ஃபேன் இருக்காது என்பதால் விஆர்எம் பக்கம் காற்று அதிகம் போகாது.

பி450 போர்டு பழைய ஸ்டாக்காக மலிவில் வரும். வாங்கலாம், ஆனால் 5900எக்ஸ் சேர்ந்த ரைசன் 5000 வரிசையை ஏற்கும் பயாஸ் போட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் திரையே வராது.

எதற்கெல்லாம் காசு கொடுக்க வேண்டாம்? வைஃபை, கலர் விளக்கு, இரண்டாவது எம்.2 (எஸ்எஸ்டி செருகும் இடம்), 2.5 கிகாபிட் லேன். நீங்கள் சொன்ன திட்டங்களை ஓட்டும் பாயின்க் மென்பொருள் கொஞ்சம் டேட்டாவை இறக்கிக்கொண்டு மணிக்கணக்கில் தனியாகக் கணக்குப் போடும். ஒரு கணினி இன்னொன்றோடு பேசுவதே இல்லை. ஒரே கணக்கைப் பல கணினிகள் பங்குபோட்டுச் செய்யும் பெயோவுல்ஃப் மாதிரி கிளஸ்டருக்குத்தான் வேகமான நெட்வொர்க் வேண்டும். 1994-இல் நாசாவில் சாதாரணப் பிசிக்களை வைத்து முதன்முதலில் கட்டியது அந்த வகை. உங்கள் திட்டம் வேறு.

ராம் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ரொசெட்டாவில் ஒரு வேலைக்கே ஒரு ஜிபி வரை போகலாம், ஒரு 5900எக்ஸ்-இன் 12 கோரும் ஒரே நேரத்தில் இரண்டிரண்டு வேலை (த்ரெட்) பார்க்கும், அந்த 24 த்ரெட்டுக்கு ஒவ்வொரு கணினியிலும் 32 ஜிபியை இரண்டு குச்சியாகப் போடுங்கள்.

எக்ஸ்99 செட்டைப் பற்றி: அதில் வரும் ஜியான்களில் ஒன்றான இ5-2680 வி4-இல் 14 கோர், 120 வாட், 2016-இல் வந்தது. முதலில் மிச்சமாகும் பணத்தைக் கரண்ட் பில் ஒரு வருடத்திலேயே வாங்கிக்கொள்ளும். அந்தப் போர்டுகள் பலவற்றில் பழைய போர்டிலிருந்து கழற்றிய சிப்செட்தான் இருக்கும். பயாஸ் அப்டேட், வாரண்டி இரண்டையும் எதிர்பார்க்க முடியாது. எனக்குப் பிடிக்காது.

இனி கடையில் செய்ய வேண்டியது. பயாஸுக்குள் போய் ‘ரெஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்’ என்ற செட்டிங் இருக்கிறதா பாருங்கள், பெயர் போர்டுக்குப் போர்டு கொஞ்சம் மாறும். அதை ‘பவர் ஆன்’ என்று வைத்தால் கரண்ட் போய் வந்ததும் கணினி தானாக எழுந்துகொள்ளும். இன்னொரு வசதியும் உண்டு: ஒரு ஸ்மார்ட் ப்ளக்கில் செருகிவிட்டால், உறைந்துபோன கணினியை வெளியூரிலிருந்தே அணைத்துப் போடலாம். சர்வர் போர்டில் பல ஆயிரம் கொடுத்து வாங்கும் வசதியில் பாதி இதிலேயே வந்துவிடும். பழைய போர்டு என்றால் பட்டன் பேட்டரியை முதல் நாளே மாற்றிவிடுங்கள், இந்த செட்டிங்கும் அதை நம்பித்தான் இருக்கிறது.

5900எக்ஸ்-இல் கிராபிக்ஸ் கிடையாது, போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐ வேலை செய்யாது. லினக்ஸ் போட மட்டும் யாரிடமாவது பழைய கார்டு ஒன்றைக் கடன் வாங்கினால் போதும். ஆனால் கார்டைக் கழற்றியபின் சில போர்டுகள் பீப் அடித்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். அதனால் லினக்ஸ் போட்ட ஒரு எஸ்எஸ்டியைக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரரிடம் கார்டைக் கழற்றச் சொல்லி, லேன் கேபிளை மட்டும் செருகி ஆன் செய்யச் சொல்லுங்கள். உங்கள் லேப்டாப்பையும் அதே ரவுட்டரில் இணைத்து பிங் அடித்து, அதாவது அந்தக் கணினி நெட்வொர்க்கில் பதில் சொல்கிறதா என்று பாருங்கள். பதில் வந்தபின் பில் போடச் சொல்லலாம்.