டான்சில் கல்லும் தொண்டைக் காய்ச்சலும்: மருத்துவர் பதில்கள்

கேள்வி: இருமியபோது நொய்யரிசி அளவில் ஒரு வெள்ளைக் கட்டி வந்து விழுந்தது. நசுக்கினால் குடலைப் புரட்டும் நாற்றம்!

பதில்: டான்சில் கல். நசுக்கிப் பார்க்காதவர் யாருமில்லை, வெட்கப்படாதீர்கள். தொண்டையின் இரு பக்கமும் இருக்கும் சதைதான் டான்சில். ஒவ்வொன்றிலும் 10 முதல் 20 குழிகள் உள்ளே ஓடுகின்றன. உதிர்ந்த செல்லும் உணவுத் துணுக்கும் அங்கே தேங்க, காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன. கால்சியம் படியப் படிய இறுகுகிறது. நாற்றம், அவை வெளிவிடும் கந்தக வாயுக்களால்.

கேள்வி: ஊக்கால் நோண்டி எடுக்கலாமா?

பதில்: கூடாது. ரத்த ஓட்டம் மிகுந்த சதை அது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள்.

கேள்வி: எனக்கு உள்நாக்கில் கல்.

பதில்: உள்நாக்கு நடுவில் தொங்குவது. உங்களுடையது பக்கவாட்டில் இருக்கும் டான்சில்.

கேள்வி: அடிக்கடி தொண்டை வலி, காய்ச்சல். கல்லை எடுத்துவிட்டால் நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. கல் இருந்தும் காய்ச்சலே காணாதவர்கள் ஏராளம். டான்சிலை எடுப்பதற்குத் தொண்டை வலி எத்தனை முறை வந்தது என்பதுதான் கணக்கு: ஓராண்டில் 7 முறை, அல்லது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஆண்டுக்கு 5, அல்லது மூன்று ஆண்டுகள் ஆண்டுக்கு 3. வெறும் கரகரப்பு சேராது. காய்ச்சலோ சீழோ கழுத்தில் நெறியோ இருக்க வேண்டும். தேதி போட்டு எழுதி வாருங்கள். ‘மாதா மாதம் வருகிறது’ என்பவர்கள் எழுதத் தொடங்கினால் பெரும்பாலும் நான்கில் நிற்கிறார்கள்.

அவரே மீண்டும்: கல் முழுக்க பாக்டீரியா என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

பதில்: வாயில் எங்கேதான் பாக்டீரியா இல்லை? பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக்கே வேண்டியதில்லை. பாக்டீரியாவால் வருவதில் முக்கியமானது ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ். கல்லில் குடியிருப்பது வேறு கூட்டம். காரணம் தலைகீழாகவும் ஓடலாம்: வீங்கி ஆறி, வீங்கி ஆறி, குழிகள் ஆழமாகிக் கல்லுக்கு இடம் கொடுக்கின்றன.

அவரே: என் உறவினருக்கு டான்சிலை எடுத்ததும் இரண்டும் நின்றுவிட்டன!

பதில்: வீட்டையே இடித்தால் எலியும் போகும், கரப்பானும் போகும். எலிதான் கரப்பானைப் பெற்றது என்று ஆகிவிடுமா?

கேள்வி: ஒரு பக்க டான்சில் மட்டும் பெரிதாக இருக்கிறது. வலியில்லை.

பதில்: இங்கே கேட்டுக்கொண்டிருக்காமல் நேரில் காட்டுங்கள். புற்று இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்க முடியாமல் போனால் அது சீழ்க்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனை.

கேள்வி: பல்குத்தும் குச்சியால் எடுக்கலாமா?

பதில்: ஊக்குக்குச் சொன்னதைப் படியுங்கள்.