அரியரும் அட்டெண்டன்ஸும்: கேள்வி பதில்

என் பொறுப்பில் விட்டிருக்கும் வார்டு மாணவர்கள் 58 பேர். மாதம் ஒரு கூட்டம் போட்டு, 'நல்லாப் படிங்கப்பா' என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடுகிறது. உருப்படியாக என்ன செய்யலாம்?
*கல்லூரி ஆசிரியை, மதுரை*

அந்தக் கையெழுத்து, கல்லூரிக்குத் தர மதிப்பீடு தரும் நாக் அமைப்புக்குக் காட்டும் கோப்புக்கு ஆகும், பையனுக்கு ஆகாது. 58 பேரையும் ஒரே மாதிரி பார்க்க உங்களுக்கு நேரமும் இல்லை, அது தேவையும் இல்லை. முதல் இன்டர்னல் (கல்லூரிக்குள்ளேயே போடும்) மார்க் வந்த வாரமே பட்டியலை எடுங்கள். இரண்டு தாளுக்கு மேல் ஃபெயிலானவர்கள், அட்டெண்டன்ஸ் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கியவர்கள், இவர்களை மட்டும் குறித்துக்கொண்டு ஆளுக்குக் கால் மணி நேரம் தனியாகப் பேசுங்கள். ஸ்டாஃப் ரூமில் நாலு பேர் முன்னால் வைத்துக் கேட்டால் 'உடம்பு சரியில்ல மேம்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

தேர்வு எழுத 75 சதவீதம் என்பதுதானே விதி, 80 எதற்கு என்றால், 75-ஐத் தொட்ட பிறகு சொல்லிப் பிரயோஜனம் இல்லை. செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்றால் 68 நாள் வந்தாக வேண்டும். தவறவிடக் கிடைப்பது 22. பாதி செமஸ்டரில் 14 நாள் போய்விட்டால் மிச்சம் எட்டே நாள். இதைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். திட்டுவதைவிட வேலை செய்யும்.

'ஏன் வரல?' என்பதைவிட 'எந்த பஸ்ல வர்றே?' என்பது நல்ல கேள்வி. உசிலம்பட்டி, பேரையூர் பக்கமிருந்து வருகிறவன் முதல் ஹவரைத் தவறவிட்டால் பல கல்லூரிகளில் அரை நாள் ஆப்சென்ட். வாரத்துக்கு மூன்று காலை அப்படிப் போனால் 18 வாரத்தில் 27 நாள். ஒருநாள்கூட லீவு போடாதவன் கண்டோனேஷன் (அட்டெண்டன்ஸ் குறைவைப் பொறுத்துக்கொள்ளக் கட்டும் பணம்) கட்ட வந்து நிற்பது இப்படித்தான். இவனுக்கு அறிவுரை வேண்டாம். முந்தைய பஸ்ஸின் நேரம் போதும். அடுத்த கேள்வி, ராத்திரி வேலைக்குப் போகிறானா என்பது.

பி.காம். இரண்டாம் ஆண்டு. ஐந்து அரியர். இந்த செமஸ்டர் தாள்களோடு ஐந்தையும் சேர்த்து எழுதவா?
*மாணவர், மேலூர்*

பீஸ் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு தாளுக்கும் இன்டர்னல் எவ்வளவு என்று பாருங்கள். பெரும்பாலும் அது அப்படியே நிற்கும். எக்ஸ்டர்னல் (செமஸ்டர் கடைசித் தேர்வு) மட்டும்தான் மறுபடி. இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75 என்ற முறையில், தேர்ச்சி 40 என்றால், இன்டர்னலில் 8 வைத்திருப்பவருக்கு எக்ஸ்டர்னலில் 32 வேண்டும். 18 வைத்திருப்பவருக்கு 22 போதும்போலத் தோன்றும். ஆனால் எக்ஸ்டர்னலுக்குத் தனிக் குறைந்தபட்சம் (27 என்று வைத்திருப்பார்கள்) இருந்தால் அதைத் தாண்டியாக வேண்டும். குறைவாகத் தேவைப்படும் தியரித் தாள்கள் இரண்டையும் கணக்குத் தாள் ஒன்றையும் இப்போது எழுதுங்கள். மற்ற இரண்டும் அடுத்த முறை. இரண்டு கணக்குத் தாளை ஒரே சமயத்தில் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

அக்கவுண்டன்சி போவதற்குப் பாடம் தெரியாதது மட்டும் காரணமில்லை. பேலன்ஸ் ஷீட் டேலி ஆகவில்லை என்று ஒரு பத்து மார்க் கணக்கிலேயே முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, ஏழு மார்க் கேள்விகளைத் தொடாமல் வந்துவிடுகிறார்கள். டேலி ஆகாவிட்டாலும் ஸ்டெப்புக்கு மார்க் உண்டு. ஏழு மார்க் ஐந்தையும் எழுதி, தலா நாலு கிடைத்தால்கூட 20 வந்துவிடும். இன்னொன்று: இடையில் சிலபஸ் மாறியிருந்தால் உங்களுக்கு எந்த சிலபஸில் கேள்வி வரும் என்று தேர்வுப் பிரிவில் கேட்டுக்கொண்டு புத்தகம் வாங்குங்கள்.

மகள் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்து மூன்று வாரம். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாற வேண்டும் என்கிறாள்.
*தந்தை, திருமங்கலம்*

அங்கே சீட் காலி இருந்தால்தான் நடக்கும், அதுவும் இப்போதே. இரண்டு துறைத் தலைவர்களின் கையெழுத்தோடு முதல்வருக்கு விண்ணப்பம் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒன்று: தமிழ் மீடியத்தில் படித்து வந்தவளா? வகுப்பில் இங்கிலீஷ் புரியாததுதான் சங்கடம் என்றால், துறை மாறினாலும் அது கூடவே வரும்.