உரம் கூட்டியும் விளைச்சல் ஏறவில்லையா? மண்ணின் புளிப்பைப் பாருங்கள்

கேள்வி: நீலகிரியில் கேத்தி பாலாடாவில் ஒன்றரை ஏக்கரில் கேரட், முட்டைக்கோஸ், உருளை மாற்றி மாற்றிப் போடுகிறோம். காம்ப்ளக்ஸ் உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்துகள் கலந்த உரம்) வருஷா வருஷம் கூட்டியும் விளைச்சல் ஏறவில்லை. மானியத்தில் சொட்டுநீர் போட்டு, நீரில் கரையும் உரம் விட்டால் சரியாகுமா?

பதில்: சொட்டுநீரைப் பிறகு பார்க்கலாம். முதலில் மண்ணின் பி.எச். எவ்வளவு என்று தெரிய வேண்டும். புளிப்பை, அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண் அது; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். நீலகிரி மண் இயல்பிலேயே புளிப்பு மண். மழை கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு போய்விடும். இரும்பும் அலுமினியமும் தங்கிவிடும். பி.எச். 5-க்குக் கீழே இறங்கினால், நீங்கள் போடும் மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) பெரும்பகுதியை இவை பிடித்துவைத்துக்கொள்ளும். பயிர் வாடுகிறதே என்று இன்னொரு மூட்டை போடுகிறீர்கள். அதிலுள்ள அமோனியத் தழைச்சத்து (நைட்ரஜன்) மண்ணை இன்னும் புளிக்க வைக்கும். உரக்கடையில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்!

புளிப்பைக் குறைப்பது சுண்ணாம்பு. ஆனால் அளவு தெரிந்து போட வேண்டும். எரு, உரம் எதுவும் போடும் முன்பே, 10, 15 இடங்களில் அரை அடி ஆழத்துக்கு மண் எடுத்து, கலந்து, அரை கிலோ பரிசோதனைக்குக் கொடுங்கள். பி.எச். மட்டும் போதாது, 'சுண்ணாம்புத் தேவை' எவ்வளவு என்றும் கேளுங்கள். இரண்டு தோட்டத்திலும் பி.எச். 4.8 என்றே வந்தாலும் ஒரே அளவு சுண்ணாம்பு சரிவராது. மட்கிய பொருளும் களிமண்ணும் அதிகமுள்ள நிலத்தில் புளிப்பு லேசில் குறையாது. பக்கத்துத் தோட்டத்துக் கணக்கை நம்பிப் போடாதீர்கள்.

சுண்ணாம்பில் டோலமைட் என்ற வகையை வாங்கினால் மெக்னீசியமும் சேர்ந்து கிடைக்கும். நடவுக்கு ஒரு மாதம் முன்பே தூவிக் கொத்திவிடுங்கள். யூரியாவோடோ கோழி எருவோடோ சேர்த்துப் போட்டால் தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடும். போடும் பருவமும் முக்கியம்: முட்டைக்கோஸுக்கு முன்னால் போடுங்கள், வேர் குண்டு குண்டாக வீங்கும் நோயும் அதனால் கட்டுப்படும். உருளைக்கு முன்னால் வேண்டாம், கிழங்கில் சொறி வரும்.

அறிக்கையில் மணிச்சத்து 'அதிகம்' என்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள், இத்தனை வருஷம் போட்டதுதான் அது. காம்ப்ளக்ஸைக் குறைத்து, யூரியா, பொட்டாஷைத் தனித்தனியாக வாங்குங்கள்.

இனி சொட்டுநீர். நெருக்கி விதைக்கும் கேரட்டுக்குத் தெளிப்பு நீரே தோது. முட்டைக்கோஸுக்குச் சொட்டுநீர் நல்லது. சரிவில் போடுவதால் நீர் அழுத்தத்தைச் சமன்செய்யும் சொட்டுவான்தான் (குழாயிலிருந்து நீரைச் சொட்டவிடும் பாகம்) வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் கீழ்ப் பாத்தி ஊறும், மேல் பாத்தி காயும். சிறு, குறு விவசாயிச் சான்று இருந்தால் அரசு நிர்ணயித்த தொகைக்குள் 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.